சாமி படத்தடியில் இருந்த ஆலை வில்லை

இதை எழுத உட்காருவதும் எழுந்துவிடுவதுமாகப் பல வருஷங்களைக் கழித்துவிட்டேன். நோட்டை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அத்தோடு சரி. சுழி மட்டும் போட்டு மிச்சம் வெறுமையாகக் கிடக்கிற பக்கங்கள் அந்த நோட்டில் ஏழெட்டு இருக்கும். எழுதத் தெரியாதது ஒரு காரணம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் அது பெரிய காரணம் இல்லை. என்னைப் பற்றி எங்கள் வீட்டிலும் சொந்தபந்தத்திலும் சொல்லி வருகிற ஒரு கதை உண்டு. அதில் நான் ரொம்ப நல்லவனாக வருகிறேன். நடந்ததை எழுதினால் அந்த நல்லவன் கொஞ்சம் குறைந்துபோவான். அந்தப் பயம்தான் கையைப் பிடித்தது. இப்போது வயதாகிவிட்டது. மீனாட்சி அம்மன் முன்னால் போய் நிற்கும்போது இந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு நிற்க எனக்கு இஷ்டமில்லை.

எங்களுக்கு அவனியாபுரம். கொஞ்சம் நிலம் உண்டு. அண்ணன் தம்பி பிரித்ததில் என் பங்கு ஒரு குடும்பம் சாப்பிடக் காணாது. அதனால் கல்யாணமான வருஷத்திலிருந்து மதுரைக்குள் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தேன். கடை முதலாளி ஒரு முஸ்லிம். பெரிய பள்ளிவாசலுக்குப் போகிற தெருவில் அவர் அப்பா காலத்திலிருந்தே கடை இருந்தது. சேலை எடுத்துக் காட்டுவது, வந்தவர்கள் கலைத்துப் போட்டதை மடித்து அடுக்குவது, கேட்ட நீளத்துக்குத் துணி அளந்து கிழித்துக் கொடுப்பது என் வேலை. காலையில் நடந்து வில்லாபுரம் தாண்டிக் கடைக்குப் போனால், விளக்கு வைத்தபிறகுதான் திரும்புவேன். ஒன்பது வருஷம் அப்படி ஓடிற்று. மூன்று பெண்கள் பிறந்தார்கள். நாலாவது வயிற்றில் இருந்தது.

அப்போதுதான் ஒரு நூற்பாலையில் நூல் கட்டுகளை எண்ணி வாங்கிக் கிடங்கில் அடுக்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மனுப் போட்டேன். அம்மன் புண்ணியத்தில் ஆர்டர் வந்தது. அது இங்கிலீஷில் இருந்ததால் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஆடி மாசம் இன்ன தேதிக்குள்ள சேரணும். முன்னாடி சேர்ந்தாலும் சரிதான். மொத ஆறு மாசம் ப்ரொபேஷன். அதாவது உம்மைப் பழக்கிப் பார்ப்பாங்க. புடிக்கலேன்னா ஏழு நாள் நோட்டீஸ் குடுத்து அனுப்பிருவாங்க. உமக்குப் புடிக்கலேன்னாலும் ஏழு நாள் சொல்லிட்டுப் போயிரலாம்."

"ஆறு மாசம் முடிஞ்சா என்னங்க?"

"வேலை நிரந்தரம். அதுக்கப்புறம் போகச் சொல்லணும்னா ஒரு மாச நோட்டீஸ். இன்னொண்ணும் போட்டிருக்கு. சேர்ந்தபிறகு சொல்லாம கொள்ளாம எட்டு நாள் வராட்டி, பேரை அடிச்சிருவாங்களாம்."

"நான் எதுக்கு வராம இருக்கப் போறேன்?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

முதலாளியிடம் சொல்லுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் கடை திறந்து, ஊதுவத்தி ஏற்றி, அவர் உட்கார்ந்ததும் போய் நின்றேன்.

"முதலாளி, ஒரு சங்கதி."

"சம்பளம் கூட்டிக் கேக்கப் போறியா? நாளைக்குக் கேளுப்பா. இன்னைக்கு எனக்குப் பல்லுவலி."

"அது இல்லீங்க. மில்லுல ஒரு எடம் கெடச்சிருக்கு."

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"பல்லுவலியே தேவலை போலருக்கே" என்றார். பிறகு, "எப்பப் போகணும்?"

"நீங்க சொல்றபடிதான்."

"அப்ப ஒரு மாசம் இரு. எந்தச் சீலை எந்த அலமாரியிலன்னு உனக்குத்தான் தெரியும். என் தங்கச்சி மகனை வரச் சொல்றேன். அவனைப் பழக்கி விட்டுட்டுப் போ."

"சரிங்க முதலாளி."

"வாயால சரிங்கன்னு சொல்லிருவே. பத்து நாள்ல மில்லுச் சங்கு காதுல ஊதும். ஓடிருவே."

"மீனாட்சி மேல சத்தியம். ஒரு மாசம் முழுசா நிப்பேன்."

"நீ உன் அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டே. இனி எனக்கு என்ன கவலை? போ, போய் அந்தச் சுங்கடியை மடி."

வீட்டில் வேறு ஒரு சிக்கல் காத்திருந்தது. ஒரு மாதம் கடையில் நின்றுவிட்டு ஆலையில் சேருகிற நாள் ஆடி மாதத்தில் விழுந்தது. ஆடியில் எங்கள் ஆட்கள் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணம் பேச மாட்டோம், வீடு மாற மாட்டோம். வேலையில் சேருவதா? என் சம்சாரம் பிள்ளையார் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"ஆனியிலயே நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்துல ஒரு பொருளைக் கொண்டுபோய் அங்கே வச்சிட்டு வந்திரச் சொல்றாரு. பொருளு போயிட்டா ஆளு போனதுக்குச் சமமாம். அப்புறம் நீங்க எந்த மாசத்துல போனாலும் தோஷம் இல்லையாம்."

இது புது வழக்கம் இல்லை. பயணம் போகிறவர்கள் நல்ல நேரம் தவறிவிடும் என்றால் பெட்டியை முன்னாலேயே அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். பரஸ்தானம் என்பார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் வைத்தால் செல்லுமா என்று நான் கேட்கவில்லை. செல்ல வேண்டும் என்று ஆசை.

ஆனி கடைசியில் ஒரு புதன்கிழமை. ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் நல்ல நேரம். முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு புது வேட்டி, விரலி மஞ்சள், ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டிய மூட்டையோடு ஆலை வாசலுக்குப் போனேன். வாசல் அறையில் டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் வந்து போவதைக் குறிக்கிறவர் அவர்தான். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க ஆணிகள், ஆணிக்கு ஆணி நம்பர் போட்ட தகர வில்லைகள். வேலைக்கு வருகிற ஆள் தன் வில்லையைக் கொண்டுவந்து தன் ஆணியில் மாட்ட வேண்டும். வேலை முடிந்தால் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம்.

ஆர்டரை நீட்டி, "இன்னைக்கு நல்ல நாளுங்க. இந்த மூட்டைய மட்டும் ஒரு மூலையில வச்சிட்டுப் போறேன்" என்றேன்.

"மூட்டை வைக்க இது என்னய்யா சத்திரமா? சேர்ற ஆளுன்னா கையெழுத்தைப் போடு, வில்லைய வாங்கு. மூட்டைய அந்த ஓரத்து ஆணியில மாட்டு."

கையெழுத்தா! மூட்டை வைக்கப் போனவனுக்கு நல்ல நேரத்துக்குள் கையெழுத்தே போடக் கிடைத்தால் விடுவேனா? சின்னதாகப் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே பெயரை எழுதினேன். அவர் நாற்பத்தேழாம் நம்பர் வில்லையைக் கொடுத்தார்.

"காலைச் சங்குக்கு வந்திரணும்" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'அய்யா, கடையில் ஒரு மாதம் நிற்க வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் வருவேன்' என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் முதலாக அடி வைக்கிற இடத்தில் 'இப்போது வரமாட்டேன்' என்கிற பேச்சு வாயிலிருந்து விழலாமா? அபசகுனம் இல்லையா? தலையை மட்டும் ஆட்டினேன். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வில்லையை என் சம்சாரம் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி படத்தடியில் வைத்தாள். வெள்ளி செவ்வாய் என்று இல்லை, தினமும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினாள். பெண்பிள்ளைகள் மூன்றும் வரிசையாக நின்று அதைக் கும்பிட்டன. நடுப்பெண் மட்டும், "இது எந்தச் சாமிம்மா?" என்று கேட்டாள். "சோறு போடுற சாமி" என்றாள் என் சம்சாரம்.

நான் சொன்ன சொல் தவறாமல் கடையில் நின்றேன். முதலாளியின் தங்கை மகன் வந்தான். நல்ல சுறுசுறுப்பு. ஆடிக் காற்றில் தெருப் புழுதி கடைக்குள் வரும்; துணிகளுக்கு மேல் விரிப்புப் போட்டு மூடவேண்டும் என்பதிலிருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் வரை சேலை மடித்தேன். முதலாளி எனக்கு ஒரு வேட்டியும் என் சம்சாரத்துக்கு ஒரு சேலையும் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்து, திருநீறு பூசி, சாமி படத்தடியிலிருந்து வில்லையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வில்லாபுரம் கடக்கும்போது முதல் சங்கு ஊதிற்று. அந்தச் சங்கை ஒன்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

டைம்கீப்பர் வில்லையை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வில்லையைப் பார்த்தார்.

"நாப்பத்தேழா? யோவ், நாப்பத்தேழு நீதானா? இது என்னய்யா, வில்லைக்குப் பொட்டு?"

வாசல் காவல்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "அண்ணே, இங்க வாங்க. நாப்பத்தேழு உசுரோட வந்திருக்கு!"

காவல்காரர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த மஞ்ச மூட்டை உன்னுதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"அடப்பாவி மனுசா! மஞ்சளும் எலுமிச்சம்பழமுமா எவனோ செய்வினை வச்சிட்டான்னு ஒரு மாசமா அந்த ஆணிப் பக்கமே நாங்க யாரும் போகல. என் பொண்டாட்டி விசயத்தைக் கேட்டுட்டு, தினம் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்னுட்டா. ஒரு மாசமா ராவுல பச்சைத் தண்ணியில குளிக்கிறேன்யா உன்னால!"

திரும்பிப் பார்த்தேன். மூட்டை மாட்டின இடத்தில் அப்படியே தொங்கியது. பழம் வற்றி ஒரு பக்கம் கறை படிந்திருந்தது. இன்னும் எனக்குப் புரியவில்லை. வேடிக்கையாகப் பேசுகிறார்கள் என்றே நினைத்துச் சிரித்தேன்.

டைம்கீப்பர்தான் நிதானமாகச் சொன்னார். "சிரிக்காதய்யா. நீ சேர்ந்தது போன மாசம் புதன்கிழமை. மறுநாள்லருந்து உன் ஆணி காலி. எட்டு நாள் பார்த்தோம். ஒன்பதாம் நாள் பேரை அடிச்சு ஆபீசுக்குச் சொல்லியாச்சு. உனக்கு இங்க வேலை இல்ல."

"ஏழு நாள் நோட்டீஸ்னு போட்டிருந்ததேங்க" என்றேன். வேறு என்ன சொல்லுவது?

"வர்ற ஆளுக்குத்தான்யா நோட்டீசு. வராத ஆளை எங்கே தேடிக் குடுக்குறது?"

நடந்ததைச் சொன்னேன். நல்ல நேரம், மூட்டை, ஒரு மாத வாக்கு எல்லாவற்றையும். அவருக்கு மனசு இளகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார். "இதையெல்லாம் உள்ளே போய்ச் சொல்லாதே. நம்ப மாட்டாங்க. ரெண்டு எடத்துலயும் சம்பளம் வாங்கப் பார்த்தேன்னு சொல்லிருவாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு சூப்பிரண்டு வருவாரு. காய்ச்சல்ல கெடந்தேன்னு ஒரு டாக்டர் சீட்டு வாங்கிட்டு வா. அந்த ஒரு வழிதான் இருக்கு. வில்லைய நீயே கொண்டு போ. நாளைக்கு அவர்கிட்ட குடு."

கடைக்குத் திரும்ப முடியாது. என் இடத்தில் முதலாளியின் தங்கை மகன் உட்கார்ந்திருக்கிறான். பழக்கி விட்டவனே நான்தான். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனேன். அம்மன் சன்னதியில் நின்று, 'உன் மேல் சத்தியம் பண்ணித்தானே ஒரு மாதம் நின்றேன், அதற்கா இது?' என்று கேட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். ஆனால் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. அம்மன் பதில் சொல்வதற்குள் என் கால் வெளியே நடந்துவிட்டது.

ஒரு சந்துக்குள் ஒருவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரிச் சீட்டுக்குப் பேர் போனவர்.

"எம்புட்டு நாளைக்கு வேணும்?"

"இருபத்தஞ்சு நாளுங்க."

"சாதாக் காய்ச்சல் அம்புட்டு நாள் நிக்காதே. டைபாய்டு போட்டிருவோம். ஆளும் ஒல்லியா இருக்கீரு, பொருந்தும்."

நான் கடையில் துணி கிழிக்கிற மாதிரியே அளவாக ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆசாரமாகக் காலையில் குளித்துக் கட்டிய வேட்டி அது.

சம்சாரத்திடம் மறைக்கவில்லை; எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. வில்லையை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் படத்தடியில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நான் தினமும் சூடம் காட்டுன வில்லைங்க இது. இதையும் அந்தச் சீட்டையும் ஒரே கையால எப்படிக் குடுப்பீக?"

"வேற வழி இருந்தாச் சொல்லு."

"முதலாளிகிட்டச் சொல்லலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? வேலைய விட்டுட்டு வந்து ரெண்டு நாள் ஆகல. பிச்சைக்காரன் மாதிரிப் போய் நிக்கச் சொல்றியா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஆடிச் செவ்வாய். விடிந்ததும், "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று மூத்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மாசமாக இருக்கிறவள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்றேன். "வண்டி எதுவும் வந்தா ஏறிக்கிறேன்" என்று போய்விட்டாள். நான் வில்லையைத் துடைக்காமல், பொட்டோடு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் டைபாய்டு வந்தவன் எப்படிப் பேசுவான், எப்படி நடப்பான் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஆலை வாசலில் ஒரு ஜட்கா வண்டி நின்றது. குதிரையின் நெற்றியில் வெள்ளைத் திட்டு இருந்தது. அது முதலாளி வழக்கமாகக் கூப்பிடுகிற வண்டி. வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "அண்ணே, சீக்கிரம் உள்ள போங்க" என்றார்.

சூப்பிரண்டு அறைக்குள் போனேன். அவர் எங்கள் பக்கத்து மனிதர்தான். தலைப்பாகை, மூடின கோட்டு. அவருக்கு எதிர் நாற்காலியில் என் முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் போவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். காலையில் கடை திறக்கும்போதே ஒரு கர்ப்பிணிப் பெண் வாசலில் நின்றதும், ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் கூடக் கடைப் படி ஏறாதவள் அன்றைக்கு ஏறி அழாமல் விஷயத்தைச் சொன்னதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சூப்பிரண்டு என்னைப் பார்த்தார். "இவர் சொல்றது மெய்தானா?"

என் கை இடுப்பில் இருந்தது. சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மெய்தாங்க" என்றேன்.

அவ்வளவுதான். நடந்ததைப் பற்றி நான் அங்கே சொன்னது அந்த ஒரு சொல்தான்.

முதலாளி விட்ட இடத்திலிருந்து பேசினார். "எங்க கடையில எழுத்து கெடையாதுங்க, நோட்டீஸ் கெடையாது. வாய் வார்த்தைதான். பத்தாம் நாளே இந்த ஆளு ஓடியிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் சீலை மடிச்சு வச்சிட்டுத்தான் போனான். நிய்யத்து சுத்தமான ஆளு. மனசுல கள்ளம் இல்ல. நேரம் பார்க்கப் போய்த்தான் கெட்டான்."

"வில்லைக்குச் சூடம் காட்டுனாங்களாமே?"

"தினமும் காட்டியிருக்காங்க. கையில பாருங்க, பொட்டு இருக்கும்."

வில்லையை மேஜை மேல் வைத்தேன். சூப்பிரண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் உயிர் பாதி திரும்பி வந்தது. ஆனால் அடுத்து, "அடிச்ச பேரைத் திருப்பி எழுத ரூல் இல்லையே" என்றார். வந்த உயிர் மறுபடி போயிற்று.

"புதுசா எழுதலாம்" என்றார். "இன்னையிலருந்து ஆறு மாசம் ப்ரொபேஷன். அதே ஏழு நாள் நோட்டீஸ். என் குமாஸ்தாக்கள்லயே ஒரு நாள் முன்னாடி கூடச் சொல்லாம ஓடுனவங்க உண்டு. ஒரு மாசம் சொல்லிட்டு நின்ன ஆளை விடுவானேன்? இப்பவே கையெழுத்துப் போடுறீரா, இல்ல இதுக்கும் நல்ல நேரம் பார்க்கணுமா?"

"இப்பவே போடுறேங்க" என்று பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, எமகண்டம். இதெல்லாம் கையெழுத்துப் போட்டபிறகுதான் நினைவுக்கு வந்தது. நல்ல நேரம் பார்ப்பதை நான் அதற்காக விட்டுவிடவில்லை. இன்றைக்கும் பார்க்கிறேன். சம்சாரம்தான் அன்று ராத்திரி சொன்னாள்: "ஆடிச் செவ்வாய் நமக்கு ஆகாத நாளா இருக்கலாம். அம்மனுக்கு ஆன நாளு."

வெளியே வந்து முதலாளி ஜட்காவில் ஏறினார். நான் கும்பிட்டேன், ஒரு கையால். இன்னொரு கை இடுப்பை விட்டு வரவில்லை.

"என்னப்பா, இடுப்புல ஏதும் குத்துதா?" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் படித்தார். "டைபாய்டா? இருபத்தஞ்சு நாளா? அப்ப என் கடையில நின்னு அம்புட்டுச் சீலையையும் மடிச்சது உன் ஆவியா?" வண்டிக்காரரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு அதைச் சுக்கு நூறாகக் கிழித்து, "உள்ளே போ. சங்கு ஊதி ரொம்ப நேரமாச்சு" என்றார். வேறு ஒரு வார்த்தை அதைப் பற்றி அவர் அன்றும் சொல்லவில்லை, மவுத்தாகிற வரைக்கும் சொல்லவில்லை.

அந்த ஆறு மாதமும் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். நோட்டீஸ் சீட்டு கொடுப்பதென்றால் சனிக்கிழமை மத்தியானம் கொடுப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆபீஸ் பியூன் கிடங்குப் பக்கம் வந்தால் நூல் கட்டுக்குப் பின்னால் நின்று, அவர் வேறு பக்கம் போகிறாரா என்று பார்ப்பேன். நாலாவது குழந்தையும் பெண்ணாகப் பிறந்தது. மீனாட்சி என்றே கூப்பிட்டோம். தையில் ஒரு சனிக்கிழமை பியூன் நேராக என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினார். வாங்கக் கை வரவில்லை.

"வாங்குய்யா. கடிக்காது" என்றார்.

அதே வக்கீல் குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு யுகம் போயிற்று.

"வேலை நிரந்தரம்யா. இனி உம்மைப் போகச் சொல்லணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சம்சாரம் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "ஒரு மாசம்னா நமக்குப் புதுசா? அதை வாயாலயே குடுத்தவுகதானே நீங்க" என்றாள். எனக்கு அப்போதுதான் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன், விளக்கு வைக்கிற நேரம்தான் எழுந்தேன். ஆறு மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கவில்லை. அந்த ஆலையிலேயே என் காலத்தை ஓட்டிவிட்டேன். நாலு பெண்களையும் கட்டிக் கொடுத்தேன்.

இனி, அந்தக் கதை. சமயநல்லூரில் இருக்கிற என் மச்சான், அதாவது சம்சாரத்தின் அண்ணன், நல்ல பேச்சுக்காரர். மூத்த பெண் கல்யாணப் பந்தியில் அவர்தான் இதை முதலில் எடுத்துவிட்டார். "நம்ம மாப்ள, வெள்ளைக்கார துரை முன்னாடி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னு, 'வேலை போனாலும் போகட்டும், பொய் சொல்ல மாட்டேன்'னாரு பாருங்க! துரை எந்திரிச்சு நின்னு கை குடுத்துட்டான்!" பந்தியே என்னைப் பார்த்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறிக்கொண்டு வந்த என் சம்சாரம் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அவள் இன்று வரைக்கும் அதைத் திருத்திச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு கல்யாணத்துக்கு ஒரு துரை என்று கதை வளர்ந்துவிட்டது. இப்போது என் பேரன்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லுகிறார்களாம்.

நேற்றுச் சம்சாரத்தை எதிரே உட்கார வைத்து இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இதை எழுதவா இம்புட்டு வருசம்?" என்றாள். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது.

ஆகையால் இதைப் படிக்கிற என் பிள்ளைகளுக்கும், வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிறத்தியாருக்குச் சொல்லத்தான் வேண்டும், மறைக்க வேண்டாம். ஆனால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். அங்கே வெள்ளைக்கார துரை யாரும் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்தவில்லை. என் இடுப்பில் பொய்ச் சீட்டு இருந்தது. மாசமாக இருந்த ஒரு பெண் கடை வாசல் வரைக்கும் போனாள். வேலையை விட்டுப் போனவனுக்காக ஒரு முதலாளி வண்டி பிடித்து வந்து உண்மையைச் சொன்னார். என் பங்குக்கு நான் சொன்னது 'மெய்தாங்க' என்கிற ஒரு சொல். தயவுசெய்து அதை இரண்டாக்கிவிடாதீர்கள்.